இரண்டு அடுப்பையும் கழுவினேன்

கார்த்திகை மாதம் இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, செலியமேட்டில் என் மகள் புவனேஸ்வரியின் மாமனார் காலமானார். ஒரு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்த சாவுதான். ஆனால் எதிர்பார்க்கிறோம் என்பதற்காக எதையும் முன்கூட்டியே தயார் செய்து வைக்க முடியாது.

எங்கள் வகையறாவில் ஒரு முறை உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டோம். எடுத்த பிறகு, ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்து உட்காரும்போது, முதல் சோறு சம்பந்தி வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். ஓட்டலில் வாங்கியது ஆகாது. சம்பந்தி வாசலில் பொங்கியதாக இருக்க வேண்டும். அதையும் வீட்டுக்குள் புழங்குகிற அடுப்பில் பொங்கக் கூடாது. வெளியே தனி அடுப்பு வைத்துப் பொங்கி, அங்கிருந்தே வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் இளவரசி, கரையாம்புத்தூர்ப் பெண். இளையவள் என் மகள். இரண்டு வருடத்துக்கு முன் மாமியார் இறந்தபோது இளவரசியின் அப்பா முதல் சோறு போட்டார். ஆகவே மாமனாருக்கு நாங்கள்.

செவ்வாய் இரவு ஏழு மணிக்கு நானும் என் மனைவி தையலம்மாளும் செலியமேடு போய் மாலை போட்டோம். கரையாம்புத்தூர்க்காரர் என்னைப் பந்தலுக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டார்.

"மழையா இருக்கு சம்பந்தி. எரநூறு பேருக்கு ஆக்கணும். உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, நாங்க பாத்துக்கறோம். இதுல ஒண்ணும் கௌரவக் கொறச்சல் இல்ல."

"நீங்க சம்பந்தியம்மாவுக்குப் போட்டீங்க. இது எங்க மொற. நாங்களே கொண்டாந்துடறோம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அவர் மனைவி சும்மா இருக்கவில்லை. "எள்ளு கிள்ளு போட்றாதீங்க சம்பந்தி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்ளே ஒப்பாரி வைக்கிற பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

அது புவனேஸ்வரியின் வளைகாப்பு சமாசாரம். போன வருடம் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றில் கரித்துகள் விழுந்திருந்தது. அடுப்பில் இருந்த புகைக்கரி, மூடி திறக்கும்போது உதிர்ந்திருக்கிறது. அந்த அம்மாள் ஒரு துகளை நகத்தால் எடுத்து நாலு பேருக்குக் காட்டி, "இன்னா இது, எலுமிச்ச சோத்துல எள்ளு போட்டிருக்காங்க" என்றார். அன்றைக்கு எல்லோரும் சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் என் மகள் எதைச் சமைத்து வைத்தாலும், இளவரசி ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் போட்டுக்கொள்கிறாளாம். இதை என்னிடம் சொன்னவள் தையலம்மாள். புவனேஸ்வரி சொல்லமாட்டாள்.

நாங்கள் கிளம்பும்போது அவள் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் வந்தாள்.

"அப்பா, இந்த வாட்டி சுத்தமா இருக்கணும்பா. வேற ஒண்ணும் வேணாம். சாம்பார் கூட எப்டினா இருக்கட்டும். சோறு வெள்ளையா இருக்கணும்."

"நான் பாத்துக்கறேன், நீ போ" என்றேன்.

எங்கள் ஊரான பண்டசோழநல்லூருக்குத் திரும்பியதும் வேலைகளைப் பிரித்தேன். அரிசி முப்பத்தைந்து கிலோ வீட்டிலேயே இருந்தது. காய்கறி காலையில் மடுகரையிலிருந்து. சமையலுக்கு முத்துக்குமரன், எங்கள் ஊர்க் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் அவர்தான் மாஸ்டர். மூன்று நாள் மழையில் விறகு முழுக்க நனைந்து கிடந்தது. கடைகளுக்குத் தருகிற பெரிய கேஸ் சிலிண்டர் ஒரே ராத்திரியில் கிடைக்காது. அதனால் நெட்டப்பாக்கத்தில் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கும் மணிபாரதிக்குப் போன் போட்டு, டீசல் அடுப்பு இரண்டு வேண்டும் என்றேன். என்னிடம் ஆயில் இன்ஜின் இருப்பதால் டீசலுக்குக் குறைவில்லை.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அண்டா, கரண்டி, தட்டு எல்லாவற்றோடும் அடுப்பு வந்து இறங்கியது. இறக்கிய டிரைவர், "நேத்து கூட எரிஞ்ச அடுப்புதாணா. அப்டியே பத்த வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு சின்ன டாங்க் இருக்கும். அதில் டீசல் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். காற்று அழுத்துவதால் டீசல் ஒரு குழாய் வழியாக அடுப்புக்கு வரும். அந்தக் குழாய் பர்னருக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றித் தீயிலேயே காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்த குழாய்க்குள் டீசல் ஆவியாகி, நாசில் என்கிற ஊசித் துளை வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வரும்போதுதான் நீலமாக எரியும். துளை அடைத்தால், இல்லை டீசல் சரியாக ஆவியாகவில்லை என்றால், மஞ்சளாக எரிந்து புகை கக்கும்.

இரண்டு அடுப்பும் தார் பூசியது மாதிரி இருந்தன. சுருள் குழாயின் மேல் விரல் தடிமனுக்குக் கரி ஏறியிருந்தது. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கிடாவிருந்துக்குப் போய் வந்திருக்கும் போல. காய்ந்த குழம்பு ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த உடனே எனக்கு வளைகாப்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

"இப்டியேவா வெக்கப் போறீங்க" என்றாள் தையலம்மாள்.

"கழுவிட்டுத்தான்" என்றேன்.

முத்துக்குமரன் வர ஒன்பதரை ஆகும். எனக்கு மூன்றரை மணி நேரம் இருந்தது. இந்த வேலை தெரியாதவன் இல்லை நான். என் ஆயில் இன்ஜினுக்கு வருடா வருடம் கரும்பு வெட்டு முடிந்ததும் நானே தலையைக் கழற்றிக் கரி சுரண்டி மாட்டுவேன். சைலன்சரைக் கழற்றி, தட்டி, சோடா மாவுத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசி வைப்பேன். பதினெட்டு வருடமாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதே முறையை இங்கேயும் செய்தேன். முதலில் வெளியே இருந்த கரியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இறக்கினேன். அடுத்து நாசிலைக் கழற்றினேன். அதன்பின் சுருள் குழாயைத் தனியாக எடுத்து, உள்ளேயும் கரி இருக்குமே என்று, சைக்கிள் பிரேக் கம்பியை விட்டு இரண்டு பக்கமும் குடைந்தேன். ஸ்பானர் பிடியால் தட்டினேன். கொதிக்கிற சோடா மாவுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, குழாயடியில் பிடித்து அலசி, பம்பால் காற்றடித்து ஊதிவிட்டேன்.

ஒரு சுருளிலிருந்து ஒரு கைப்பிடி கரி வந்தது. இன்னொன்றிலிருந்து அதைவிடக் கூடுதலாக வந்தது. வந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். வராமல் உள்ளே பிடிவிட்டு நின்றதைப் பற்றி யோசிக்கவில்லை. சுருளில் வெய்யில் பட்டிருந்தால் ஈரமாவது காய்ந்திருக்கும். வெய்யில் இல்லை. துணியால் துடைத்து மாட்டினேன்.

"புதுசாட்டம் ஆயிடுச்சு" என்றாள் தையலம்மாள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தன. வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே இரண்டையும் வைத்தேன்.

முத்துக்குமரன் வந்து பார்த்தார். "இன்னாணா, கடைல கூட இப்டி வெச்சிருக்க மாட்டாங்க. மொகம் பாத்துக்கலாம் போலக்குது" என்று சிரித்தார். அப்புறம் குனிந்து, சுருளைத் தொட்டு, "உள்ளயும் கொடஞ்சீங்களா" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காய்கறி மூட்டையைப் பிரித்தார். அவர் விறகு அடுப்புக்காரர். டீசல் அடுப்பில் பத்து தடவை சமைத்திருக்கலாம், கழற்றிப் பார்த்ததில்லை.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் துணியை டீசலில் நனைத்து, பர்னருக்கு அடியில் வைத்துச் சூடாக்கி, வால்வைத் திறந்தோம். முதலில் இரண்டும் சீறிக்கொண்டு நீலமாக எரிந்தன. இரண்டிலும் அண்டா ஏற்றி உலை வைத்தோம். சாம்பாருக்கு மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடந்த காய்ந்த கட்டைகளை வைத்து, மூன்று செங்கல் மேல் ஒரு அண்டா பருப்பு ஏற்றினோம். அதற்கும் பொரியலுக்கும்தான் அந்தக் கட்டை போதும்.

பத்து இருபதுக்கு முதல் அடுப்பு தெறித்தது. எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டது மாதிரி சடசடவென்று சத்தம் வந்தது. நீலம் மஞ்சளாகி, ஒரு ஆள் உயரத்துக்குக் கறுப்புப் புகை எழும்பியது. வால்வை மூடி, ஆறவிட்டு, நாசிலைக் கழற்றினேன். கடுகைவிடச் சிறிய கரித்துண்டு ஒன்று துளையில் உட்கார்ந்திருந்தது. ஸ்டவ் பின் ஊசியால் குத்தி எடுத்துவிட்டு மாட்டி மறுபடியும் பற்ற வைத்தோம். எரிந்தது. பத்து நிமிடத்தில் இரண்டாவது அடுப்பும் அதே மாதிரி ஆனது. அதைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே முதல் அடுப்பு மறுபடி மஞ்சளானது.

பதினொன்றரைக்குள் ஏழு தடவை கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு துகள். ஒவ்வொரு தடவையும், இதுதான் கடைசித் துகள் என்று நினைத்தேன்.

மணிபாரதிக்குப் போன் போட்டேன். அவர் விழுப்புரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் இருந்தார்; நாதஸ்வரச் சத்தம் கேட்டது.

"சுருள உள்ள யாரு கொடையச் சொன்னது?"

"கரியா இருந்துதே."

"இருக்கும்ணா. டீசல் அடுப்புல கரி இல்லாம எப்டி. அது உள்ள ஒட்டிக்கினு அது பாட்டுக்கு இருக்கும், நடுவுல எண்ணெய் போவும். நீங்க அத உசுப்பி வுட்டுட்டீங்க. இப்போ அது ஒண்ணொண்ணா பேந்து வந்துக்கினேதான் இருக்கும். தண்ணியும் ஊத்துனீங்களா?"

"அலசுனேன்."

"ரெண்டத்தையுமா?"

"ரெண்டத்தையும்தான்."

"ஒண்ண வுட்டு வெச்சிருக்கலாமேணா" என்றார். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. சுருள புதுசு மாத்தணும், அது புதுச்சேரிலதான் கெடைக்கும். நான் சாயங்காலம் வந்து பாக்கறேன்."

எனக்குச் சாயங்காலம் தேவையில்லை. மூன்று மணிக்குச் சோறு செலியமேட்டில் இருக்க வேண்டும்.

தையலம்மாள் பக்கத்து வீட்டுச் செல்வகுமாரியிடம் போனாள். சோற்றைப் பத்துப் பங்காகப் பிரித்து, பத்து வீட்டுக் கேஸ் அடுப்பில் வடித்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும். செல்வகுமாரி எங்களுக்கு வேண்டியவள். காலையிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தவளே அவள்தான்.

"தண்ணி கேளு, அண்டா கேளு, ஆளு கேளுக்கா. அடுப்ப மட்டும் கேக்காத" என்றாள். "மருமவ ஏழு மாசம். சாவு சோத்த வூட்டு அடுப்புல ஏத்துனா எங்க மாமியா என்ன வூட்ல வெக்காது."

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் சமையலறையில் எங்கள் கேஸ் அடுப்பும் சும்மாதான் இருந்தது. காலையில் சோடா மாவுக்கு வெந்நீர் வைத்ததோடு சரி. அதில் ஒரு பானை சோறு ஏற்ற நானும் துணியவில்லை, தையலம்மாளும் துணியவில்லை. அதற்கப்புறம் மற்ற வீடுகளில் எப்படிக் கேட்பது?

பன்னிரண்டு மணிக்கு முத்துக்குமரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓட்டல்ல வாங்கி நம்ம அண்டால கொட்டிக்கினு போயிடலாம்ணா. யாருக்குத் தெரியப் போவுது? நான் மூச்சு வுட மாட்டேன்."

நான் ஒழுங்கான ஆள் என்று பெயர் எடுத்தவன். ஆனால் அந்த நேரத்தில், செய்திருப்பேன். போனைக் கையில் எடுத்து மூன்று ஓட்டலுக்குப் பேசினேன். ஒருவர் நாற்பது சாப்பாடு தருகிறேன் என்றார். ஒருவர் இரண்டு மணிக்கு மேல் பார்க்கலாம் என்றார். மூன்றாமவர் மழையில் மாஸ்டரே வரவில்லை என்றார்.

"சரி, இருக்கற தீயில எவ்ளோ ஆவுதோ ஆக்குவோம்" என்றார் முத்துக்குமரன்.

உலை கொதித்து, அரிசி போட்டது பன்னிரண்டு இருபதுக்கு. அரிசி போட்டபின் தீ நிற்கவே கூடாது. நின்று நின்று எரிந்தால் மேலே குழைந்து நடுவில் பருக்கையாகவே நிற்கும். தீ நின்றது. பற்ற வைத்தோம். நின்றது. நாசிலைக் கழற்ற அடுப்பு ஆற வேண்டும்; ஆறும்வரை சோறும் ஆறியது. அவசரத்தில் ஆறாமலே கழற்றி என் இடது உள்ளங்கை பொத்துப்போனது. ஒரு கட்டத்தில் கழற்றுவதை விட்டுவிட்டு, மஞ்சள் தீயிலேயே எரியவிட்டோம். புகை தார்ப்பாயின் கீழே சுருண்டு திரும்பி அண்டாவின் மேலேயே இறங்கியது. நானும் முத்துக்குமரனும் ஈரச் சாக்கைப் பிடித்து மூடியைச் சுற்றி மறைத்தோம். மூடியைத் திறக்காமல் கிளற முடியாது. திறந்தால் இறங்கும்.

தையலம்மாள் ஒரு ஓரமாக வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கழுவாம இருந்திருந்தா எரிஞ்சிருக்கும், இல்லங்க?"

"எரிஞ்சிருக்கும்."

"நான்தான் கேட்டேன், இப்டியேவா வெக்கப் போறீங்கன்னு."

"நீ கேக்கலன்னாலும் கழுவியிருப்பேன்" என்றேன். அது உண்மைதான். அவள் கத்தியை மறுபடி எடுத்தாள்.

ஒன்றே முக்காலுக்கு புவனேஸ்வரி போன் செய்தாள். பின்னால் பறைச் சத்தம். "எடுத்துட்டாங்கப்பா. சாப்பாடு கெளம்பிடுச்சா?"

"கெளம்பிக்கினே இருக்கு."

"சுத்தமா இருக்கா?"

"நீ குழந்தையப் பாத்துக்க. வந்துடறோம்."

இரண்டு முப்பத்தைந்துக்கு இறக்கினோம். முத்துக்குமரன் ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டு, துப்பாமல் விழுங்கினார். "மேலாக்க இருக்கறத எடுத்துக் கொட்டிட்டா தேவலணா" என்றார். மேலே இருந்ததை எடுத்துக் கொட்டினோம். கீழே இருந்ததும் அதே நிறம். சாம்பல் என்று சொல்ல முடியாது, வெள்ளை என்றும் சொல்ல முடியாது. வாசனை மட்டும் சந்தேகமில்லாமல் இருந்தது. என் இன்ஜின் கொட்டகைக்குள் நின்று மூச்சு விட்டால் வருமே, அது. சாம்பார் நன்றாக இருந்தது. வாழைக்காய்ப் பொரியலும் நன்றாக இருந்தது.

டாடா ஏஸ் வண்டியில் மூன்று அண்டாவையும் பொரியல் சட்டியையும் ஏற்றி, நானும் தையலம்மாளும் முத்துக்குமரனும் கிளம்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பாகூர் ஏரிக்கரை வந்தபோது மணி மூன்றேகால். போன் வந்தது.

"அப்பா எங்க இருக்க?"

"ஏரிக்கரைல வந்துக்கினு இருக்கோம்."

"எல்லாரும் குளிச்சிட்டு வந்து உக்காந்துட்டாங்க." குரல் தாழ்ந்திருந்தது, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று புரிந்தது. "வண்டி டயர் பஞ்சர்னு சொல்லி வெச்சிருக்கேன். சோறு எப்டிப்பா இருக்கு? நெசத்தச் சொல்லு."

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். கொண்டுபோய் இறக்கியிருக்கலாம். சாவு வீட்டில் பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருப்பார்கள். மீதிப் பாதிப் பேரோடு அவள்தான் குடித்தனம் செய்ய வேண்டும்.

"டீசல் வாசன வருதும்மா" என்றேன். "வேகவும் இல்ல சரியா."

அவள் அழவில்லை. ஒரு மூச்சு விட்டாள். அவ்வளவுதான் கேட்டது.

"அப்போ உள்ள கொண்டாராத. வண்டிய அங்கயே நிறுத்து."

"அவங்களுக்கு சாப்பாடு?"

"இளவரசி அப்பா காலைலயே அவுரு வாசல்லயும் ஒரு அண்டா பொங்கச் சொல்லிட்டு வந்திருக்காரு. பக்கத்துத் தெருவுல வண்டி நிக்குது. எறக்கட்டுமான்னு என்னைத்தான் கேட்டாரு. உன்ன கேட்டுட்டு சொல்றேன்னேன். சொல்லிடட்டுமா?"

எங்கள் மகள் எங்களிடம் அனுமதி கேட்டாள். தையலம்மாள் என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடு" என்றேன்.

வண்டியை ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிறுத்தினோம். முத்துக்குமரன் இறங்கி பீடி பற்ற வைத்துக்கொண்டு, "மூணு கல்லடுப்பு வெச்சிருந்தேன்னா முடிச்சிருப்பேன், வெறகு மட்டும் காஞ்சிருந்தா" என்று யாருக்கோ சொல்வது மாதிரி தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் போய் தலைய காட்டிட்டு வாங்க. போவாம இருந்தா அது வேற பேச்சு ஆவும். நான் இத திருப்பிக் கொண்டு போயிடறேன்" என்றார்.

அது சரியான யோசனைதான். ஏரித் தண்ணீரில் இறங்கிக் கை கழுவினேன். சோப்பு இல்லை, மண்ணை அள்ளித் தேய்த்தேன். மூன்று தடவை தேய்த்தும் நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி நானும் தையலம்மாளும் செலியமேடு போய் இறங்கினோம். இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இல்லை.

பந்தலில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. கரையாம்புத்தூர்க்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. எப்ப சாப்டீங்களோ. மொதல்ல ஒக்காருங்க." என் காதோடு சொன்னார்: "ஒரு கைகாவலுக்கு இருக்கட்டுமேன்னுதான் பொங்கச் சொன்னேன். நீங்க கொண்டாந்திருந்தா என் வண்டி அப்டியே திரும்பிப் போயிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அவர் மனைவி இலை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். தையலம்மாளைப் பெண்கள் பக்கம் அழைத்துப் போய்விட்டார்கள்.

புவனேஸ்வரி சோற்றுத் தூக்கோடு வந்தாள். குளித்த தலை ஈரமாகவே இருந்தது. என்னைப் பார்க்காமல் இலையைப் பார்த்துப் போட்டாள். சோறு வெள்ளையாக, உதிரியாக இருந்தது.

"போதும்மா."

"சாப்புடுங்க" என்றாள். வேறு யாருக்கோ பரிமாறுவது மாதிரிதான் சொன்னாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், சுடுகாட்டிலிருந்து வந்த பங்காளி, என் கையைப் பார்த்தார். பிசைந்துகொண்டிருந்த வலது கையையும், மடியில் வைத்திருந்த பொத்துப்போன இடது கையையும்.

"இன்னா சம்பந்தி, கையெல்லாம் கரியா இருக்கு?"

சோற்றுத் தூக்கோடு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டிருந்த புவனேஸ்வரியின் கரண்டி நின்றது.

"டயர் மாத்தினேன்" என்றேன்.

"ஸ்டெப்னி இருந்துதா?"

"இருந்துது."

"எந்த டயரு?"

"பின்னாடி. வலது பக்கம்" என்றேன்.

"மழைல அதுதான் தொந்தரவு" என்று அவர் ரசத்துக்குக் குழி பறிக்கத் தொடங்கினார். புவனேஸ்வரி அடுத்த இலைக்குச் சோறு போட்டாள். நான் பிசைந்ததை எடுத்து வாயில் வைத்தேன். விரலிலிருந்து டீசல் ருசி வந்தது. மென்று விழுங்கிவிட்டு அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.